மாமா கேட்ட உப்பு

மாமா, இன்றைக்கும் களிக்கு உலை வைத்தேன். உப்பு டப்பாவைத் திறந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் பின்னால் வந்து நின்று, "இன்னொரு கை போடு புள்ள, கஞ்சத்தனம் பண்ணாத" என்று சொல்லியிருப்பீர்கள். யாரும் சொல்லவில்லை. நான் போட்ட உப்பு போதுமா போதாதா என்று சொல்ல இந்த வீட்டில் இப்போது ஆள் இல்லை.

மாமாவுக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. நான் ஒரு நாளும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் என் அத்தை மகன். பாவாடை கட்டிய வயதிலிருந்து மாமா என்றுதான் கூப்பிட்டேன், அவரே எனக்குத் தாலி கட்டிய பிறகும் அதேதான். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் பெயர் கேட்டபோதுகூட அத்தையைப் பார்த்துக் கையைக் காட்டினேன். அதனால் இங்கேயும் மாமா என்றே எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். எனக்குத் தெரிந்த மாதிரிதான் எழுத வரும்.

மாரண்டஹள்ளியிலிருந்து உள்ளே போகவேண்டும் எங்கள் ஊருக்கு. ஒன்றரை ஏக்கர் நிலம், ஒரு போர் கிணறு, நிலத்தில் தக்காளி. தக்காளி பறித்தவர்களுக்குத் தெரியும், செடியில் கை பட்டால் ஒரு பச்சைக் கறை ஏறும். காய்ந்தால் அது கருப்பாகிவிடும். சோப்பு போட்டால் போகாது. பழுத்த தக்காளியையோ எலுமிச்சையையோ வைத்துத் தேய்த்தால் போகும். கல்யாணம் ஆன புதிதில் தினமும் சாயங்காலம் வாசல் தொட்டியோரம் உட்கார்ந்து அவர் கையை நான் தேய்த்துவிடுவேன், என் கையை அவர் தேய்த்துவிடுவார். எங்களுக்கு வேறு கொஞ்சல் தெரியாது. அதுதான்.

இரண்டாம் வருஷம் என் கை வெளுத்தது, அவர் கை வெளுக்கவில்லை. எத்தனை எலுமிச்சை தேய்த்தாலும் உள்ளங்கை ரேகையில் மட்டும் கருப்பு அப்படியே நின்றது. பேனாவால் கோடு போட்டது போல இருந்தது. நீங்கள் செடியை ரொம்பப் போட்டு அமுக்குகிறீர்கள் என்று நான் திட்டினேன். பிறகு முட்டி கருத்தது, முகம் கருத்தது, ஈறுகூடக் கருத்தது. வெயில் என்று நினைத்தோம். எங்கள் பக்கம் யார்தான் வெயிலில் கருக்கவில்லை?

அப்போதுதான் உப்பு ஆரம்பித்தது. மாங்காய் இல்லாமலே உப்பு தின்பார். சந்தைக்குப் போனால் கருவாடு இல்லாமல் வரமாட்டார். ஊறுகாயை விரலால் வழித்து நக்குவார். ஒரு நாள் மாட்டுக்குத் தண்ணீரில் கலக்க வைத்திருந்த கல்லுப்பை வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டு மோட்டார் போடப் போனார். அத்தை பார்த்துவிட்டது.

"என் வயித்துல பொறந்தது ஆளா, ஆடாடி? நீ பாத்து சொல்லு."

"ஆடுன்னா எளச்சிக்கிட்டே போவுமா அத்த? கொழுக்கத்தான செய்யும்" என்றேன் நான்.

அன்றைக்கு மூன்று பேரும் சிரித்தோம். ஆனால் அவர் உண்மையிலேயே இளைத்துக்கொண்டே போனார். காலையில் எழுப்பினால் எழுந்திருக்க மாட்டார். எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார், கண் இருட்டுகிறது என்பார். குடிக்க ஆரம்பித்துவிட்டான் என்று ஊரில் இரண்டு பேர் பேசினார்கள். அவர் டீக்கடை பக்கம்கூட ஒழுங்காகப் போகாத ஆள்.

பாலக்கோடு தக்காளி மண்டியில் பெட்டி இறக்கும்போது அவர் விழுந்தார். அங்கிருந்தவர்கள் தண்ணீர் தெளித்து உட்கார வைத்தார்கள். வாந்தி நிற்கவில்லை. அத்தையும் நானும் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசு, என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கலாம். பிரஷர் பார்த்தார். படுக்க வைத்துப் பார்த்தார், நிற்க வைத்துப் பார்த்தார். பிறகு மாமாவின் உள்ளங்கையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

அது தக்காளிக் கறைங்க என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். டாக்டரம்மா தன் கட்டைவிரலால் அந்தக் கோட்டைத் தேய்த்துப் பார்த்தார்.

"இது வெளியிலேருந்து ஒட்டினது இல்லம்மா. உள்ளேருந்து வந்தது."

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். சின்ன வயதில் டிபி வந்ததா என்று கேட்டார்கள். பத்து வயதில் கழுத்தில் கட்டி வந்து மாத்திரை சாப்பிட்டதை அத்தை சொன்னது. இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து விளக்கினார். நான் பள்ளிக்கூடத்தில் கேட்ட எந்தப் பாடமும் இப்போது நினைவில் இல்லை. அன்றைக்கு அவர் சொன்னது மட்டும் ஒரு வார்த்தை மறக்கவில்லை.

வீட்டு மேல் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா, அதில் மோட்டார் தானாக ஓடி தானாக நிற்கிற மாதிரி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். இருக்குதுங்க, பந்து மிதக்கும், தண்ணீர் இறங்கினால் பந்து இறங்கும், மோட்டார் ஓடும், நிரம்பினால் நின்றுவிடும் என்று மாமா சொன்னார். உடம்பும் அப்படித்தான் என்றார் டாக்டரம்மா. ஒவ்வொரு சிறுநீரகத்தின் தலையிலும் தொப்பி வைத்தது போல ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. அது சுரப்பதால்தான் ரத்தத்தில் உப்பு நிற்கிறது, சர்க்கரை நிற்கிறது, பிரஷர் நிற்கிறது, மனுஷன் நிற்கிறான். அது குறைந்தால் மூளைக்குத் தெரியும். மூளை, சுர என்று ஆள் அனுப்பும். போதுமான அளவு சுரந்தால் ஆள் அனுப்புவதை நிறுத்திவிடும். விடியற்காலையில் நாம் கண் திறப்பதற்கு முன்னாடியே இது நிறையச் சுரந்து நம்மை எழுப்பத் தயாராக்கும். நம்மை யாரும் கேட்பதில்லை.

"போர் வத்திப் போச்சுன்னா மோட்டார் என்ன பண்ணும்?"

"சும்மா ஓடுங்க. நிக்காது. மேல பந்து எறங்கியே இருக்குதில்ல? அப்பறம் மோட்டார் காயில் எரிஞ்சிடும்" என்றார் மாமா.

"அதேதான். உங்க சுரப்பிய அந்தப் பழைய டிபி தின்னுடுச்சு. மூளைக்கு அது தெரியாது. சுர, சுரன்னு கத்திக்கிட்டே இருக்கு. அந்தக் கத்தல்தான் தோலையும் கருப்பாக்குது."

நான் மாமாவின் கையைப் பார்த்தேன். ஒரு வருஷமாக அந்த ரேகையில் அவருடைய மூளை கத்திக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதை எலுமிச்சை போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உப்பைப் பற்றி அத்தைதான் கேட்டது. டாக்டரம்மா சொன்னார், அந்தச் சுரப்பி இல்லாவிட்டால் சிறுநீரில் உப்பு ஓடிப்போய்விடும், போன உப்பைத் திரும்பக் கொடு என்று உடம்பே கேட்கும், அவர் கேட்டால் கொடுங்கள் என்று. அத்தை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டது. ஆடு என்று சொன்னோமே என்று அதற்கு வருத்தம்.

மாத்திரை கொடுத்தார்கள். காலையில் ஒன்று, மதியம் அரை. இனி ஆயுசுக்கும். ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால், அடிபட்டால், பேதியானால் இரண்டு மடங்கு போட வேண்டும். வாந்தி எடுத்தால் அந்த நிமிஷமே ஊசிக்கு வரவேண்டும். இதையெல்லாம் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார். வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான்தான். என் கையில்தான் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது மாமா எனக்கு அதைத் தன் கணக்கில் சொன்னார்.

"நம்ம ஊர்ல போர் வத்துனவன் டேங்கர்ல தண்ணி வாங்கறானே, இனிமே நான் அந்த மாதிரி வூடு புள்ள. டேங்கர் தெனம் ஒரு லோடு வரும். அதுக்குப் பந்து கெடயாது. ஒரம்பரை சனம் வூட்டுக்கு வந்தா ரெண்டு லோடு நாமதான் சொல்லணும்."

அதற்குப் பிறகு வந்த எட்டு மாசம்தான் நான் வாழ்ந்த மாசம். அவர் எனக்கு முன்னாடி எழுந்தார். நான் கண் திறக்கும்போது அடுப்பில் சுடுதண்ணீர் காய்ந்துகொண்டிருக்கும், வெளியே அவர் மாட்டோடு பேசுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காக இன்னும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் படுத்திருப்பேன். சாயங்காலம் தொட்டியோரம் கை தேய்க்கும்போது அந்த ரேகையைப் பார்ப்பேன். வாரத்துக்கு வாரம் வெளுத்தது. மூளை கத்துவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்துகிறது என்று எனக்குப் புரியும். பக்கத்து வீட்டில் அந்தக் கையை யார் பார்த்தாலும் கைதான் தெரியும். நான் அதில் அவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று படித்தேன். எட்டாவது படித்தவளுக்கு அது பெரிய படிப்பு.

நடுவில் ஒரு முறை மாமா ஓசூருக்கு லோடு கொண்டுபோன டெம்போ வழியில் நின்றுவிட்டது. மாத்திரை வீட்டில். ஒரு நாள் முழுக்கப் போடாமல் மறுநாள் வந்தார். களைப்பாக இருந்தார், வேறு ஒன்றும் ஆகவில்லை. அந்த நாளுக்கு ஒன்றும் ஆகாமல் போனதே, அதை நான் தப்பாகப் படித்துக்கொண்டேன்.

பங்குனி வெயில். தெருவில் ஒரு குழந்தைக்கு அம்மை வார்த்திருந்தது. மாமா காலையில் மாத்திரை போட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றும்போது நெஞ்சில் மூன்று கொப்புளம் தெரிந்தது. அத்தை பார்த்தது. தன் மகன் முன்னாலேயே தரையில் உட்கார்ந்து கும்பிட்டது.

"தாயே, நீ வந்தது தெரியாம எச்ச கையோட நின்னுட்டன். மன்னிச்சுக்க."

எங்கள் பக்கம் அம்மை என்றால் வியாதி இல்லை. ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கிறாள். வாசலில் வேப்பிலை செருகினோம். தாளிக்கக் கூடாது, உப்பு சேர்க்கக் கூடாது, தலை சீவக் கூடாது, இங்கிலீஷ் மருந்து வீட்டுக்குள் இருக்கக் கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி ஆத்தாளை அனுப்பிவைக்கும் வரைக்கும் அப்படித்தான். ஐந்தாம் நாள் முதல் தண்ணீர் என்று அத்தை சொன்னது.

மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு போய் மாட்டுக் கொட்டகைப் பரணில் வைத்தது நான்தான். யாரும் என் கையைப் பிடித்து இழுத்துப் போகவில்லை. அட்டையும் அந்த டப்பாவுக்குள்தான் இருந்தது. மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டேன். "நாலு நாள்தான புள்ள. வந்தவ பாத்துக்க மாட்டாளா?" என்றார். ஓசூர் போன நாளை நினைத்துக்கொண்டேன். அதோடு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பயம். மருந்தைக் கொடுத்து அம்மை முத்திப்போனால் மருமகள் ஆத்தாளை விரட்டிவிட்டாள் என்று ஊரே பேசும். அந்தப் பேச்சுக்குத்தான் பயந்தேன்.

இரண்டாம் நாள் நன்றாகத்தான் பேசினார். வேப்பிலை மேல் படுத்துக்கொண்டு, தக்காளிக்கு எந்தப் பாத்திக்குத் தண்ணீர் விடவேண்டும் என்று சொன்னார். மூன்றாம் நாள் காலையில் குடித்த இளநீர் வெளியே வந்துவிட்டது. கண் உள்ளே போயிருந்தது. மதியம் உப்பில்லாத கேழ்வரகுக் கூழை அவர் வாயருகே கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கொஞ்சம் உப்பு குடு புள்ள. வெரல் நுனியில போதும்."

நான் அடுப்படிக்குப் போனேன். டப்பாவைத் திறந்தேன். கல்லுப்பை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு அவர் படுத்திருந்த அறை வாசல் வரைக்கும் வந்தேன். நிலையில் செருகியிருந்த வேப்பிலை என் தலையில் பட்டது. அங்கேயே நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், என் மூடிய கையைப் பார்த்தார். நான் திரும்பிப் போய் உப்பை டப்பாவில் போட்டுவிட்டேன். கையில் ஒட்டியிருந்ததைக் கழுவவும் செய்தேன்.

மறுநாள் விடியும்போது அவரை எழுப்பினேன். தோளைத் தொட்டால் சில்லென்று வேர்த்திருந்தது. சொல்லுகிற வார்த்தை விளங்கவில்லை. நான் கொட்டகைக்கு ஓடி டப்பாவை எடுத்து வந்தேன், மாத்திரை தொண்டையில் இறங்கவில்லை. டெம்போவில் படுக்க வைத்து தர்மபுரிக்குப் போனோம். அதே டாக்டரம்மாதான் இருந்தார். பார்த்த உடனே ஊசி போட்டார்கள், இரண்டு கையிலும் பாட்டில் ஏற்றினார்கள். உப்புத் தண்ணீர்தான் அது, பாட்டில் பாட்டிலாக.

ஏன் மாத்திரையை நிறுத்தினீர்கள் என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார்.

"அம்மை வார்த்துச்சுங்க."

"காய்ச்சல் வந்தா ரெண்டு மடங்குன்னு எழுதியே குடுத்தேனேம்மா?"

"இது காய்ச்சல் இல்லைங்களே" என்றேன். "அம்மைங்க."

டாக்டரம்மா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் தோளில் கை வைத்தார். அந்த அட்டையை என்னிடமிருந்து வாங்கி, பேனா எடுத்து, காய்ச்சல் என்று இருந்த இடத்துக்குப் பக்கத்தில் அம்மை என்று எழுதினார். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். யாருக்காக எழுதினார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. மாமா சாயங்காலம் வரைக்கும் இருந்தார். நான் அவர் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரேகை கிட்டத்தட்ட வெளுத்திருந்தது. இன்னும் ஒரு மாசம் இருந்திருந்தால் முழுசாக வெளுத்திருக்கும்.

அத்தை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் அத்தையைக் குறை சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே கவலையை இரண்டு மூலையில் உட்கார்ந்து தின்கிறோம்.

முதல் பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. தூக்கம் இல்லை, கவலையில் தீட்டும் தள்ளிப்போனது. அப்படியே நானும் போய்விடுவேன் என்று நம்பியிருந்தேன். பதினோராம் நாள் பசித்தது. சாதாரணப் பசி, களி தின்னவேண்டும் என்று. எனக்கு என் உடம்பின் மேல் அவ்வளவு கோபம் வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளுக்குள் ஏதேதோ சுரந்து, கூட்டிக் குறைத்து, என்னைப் பழையபடி நிறுத்திவிட்டது. விடியற்காலையில் என்னை எழுப்புகிறது. வெயிலில் வேர்க்க வைக்கிறது. அழுதால் அழுகையைக்கூட ஒரு அளவில் நிறுத்திவிடுகிறது. எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு பந்து மிதக்கிறது. மாமா வேண்டும் என்கிற இந்த ஒன்றுக்கு மட்டும் வைக்கவில்லை. காலையில் கண்ணை மூடிக்கொண்டு மாட்டோடு பேசுகிற சத்தத்துக்குக் காத்திருக்கிறேன். மாடு மட்டும் கத்துகிறது.

எங்கள் ஊரில் அம்மை வார்த்தவர் என்ன கேட்டாலும் கேட்பது ஆத்தாதான் என்பார்கள். நுங்கு கேட்டால் நுங்கு, வெள்ளரிக்காய் கேட்டால் வெள்ளரிக்காய், எங்கே இருந்தாலும் தேடிக் கொண்டுவருவார்கள். அப்படியென்றால் அன்றைக்கு உப்பு கேட்டது யார்? இது எனக்கு ஒரு மாசம் கழித்து, மாரியம்மன் கோவிலில் நிற்கும்போதுதான் தோன்றியது. அங்கே பலிபீடத்தில் குவியலாகக் கிடப்பது என்ன தெரியுமா? உப்பும் மிளகும். அம்மை இறங்கினால் கொட்டுவதாக வேண்டிக்கொண்டவர்கள் கொட்டியது. ஆத்தாளுக்கு உப்பு ஆகாது என்று நான் வாசலிலிருந்து திரும்பிப் போனேன். அவள் உப்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. அன்றைக்கு அவளும் என் கையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

போன செவ்வாய்க்கிழமை அத்தையும் நானும் அந்தக் கோவிலுக்குப் போனோம். நான் ஒரு படி கல்லுப்பு கொண்டுபோனேன். கொட்டும்போது அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. "போதும்னு சொல்லாத. முழுசும் போடு. என் புள்ள உப்புக்காரன்" என்றது. அவர் போன பிறகு அத்தை அவரைப் பற்றிச் சிரித்த முகத்தோடு பேசியது அது ஒரு தடவைதான்.

அட்டை இப்போது என் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஊரில் யார் வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தாலும் நான் அதை எடுத்துக்கொண்டு போய் வாசலிலேயே நின்று கேட்கிறேன், உள்ளே படுத்திருப்பவர் தினமும் போடுகிற மாத்திரை ஏதாவது உண்டா, அதை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள் என்று. சிலர் கேட்டுக்கொள்கிறார்கள். சிலர், புருஷனைத் தின்னவள் வந்துவிட்டாள் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து ஒரு தடவை திரும்பி வந்தது போதும்.

இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அவர் பெயர் உங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டாம். அடுத்த முறை எந்த மாரியம்மன் கோவிலிலாவது நீங்கள் உப்பு போட்டால், ஒரு விரல் நுனி அளவு என் மாமாவுக்கு என்று நினைத்துப் போடுங்கள். வேறு சாமி கும்பிடுகிறவர்கள் உங்கள் சாமியிடம் சொல்லுங்கள். அவர் இப்போது இருக்கிற இடத்தில் கேட்டது கேட்டபடி கிடைக்க வேண்டும் என்று, கேட்டு யாரும் திரும்பிப் போகாமல் இருக்க வேண்டும் என்று, எல்லாரும் அவருக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள்.